21 வயதில் நின்றுபோன ஆட்டம்: யார் இந்த டங்கன் எட்வர்ட்ஸ்?

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் நடுகளத்தில் ஆடியவர்களில் யார் பெரியவர்? இந்தக் கேள்வியை ரசிகர்கள் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஒருவர் ராய் கீன் என்பார். இன்னொருவர் பால் ஸ்கோல்ஸ் என்பார். கொஞ்சம் வயதானவர்கள் பிரையன் ராப்சன் பெயரைச் சொல்வார்கள். விவாதம் சூடாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் டங்கன் எட்வர்ட்ஸ் என்று சொல்வார். கொஞ்ச நேரம் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரைச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் அவர் ஆடி ஒரு ஆட்டம்கூட முழுசா பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. இணையத்தில் தேடினால் கறுப்பு வெள்ளையில் சில நிமிடத் துண்டுக் காட்சிகள் கிடைக்கும், அவ்வளவுதான். யுனைடெட் அணிக்காக அவர் ஆடியது 177 ஆட்டங்கள், அடித்தது 21 கோல்கள். இங்கிலாந்து தேசிய அணிக்கு 18 ஆட்டங்கள், 5 கோல்கள். 1958 பிப்ரவரியில் இறந்தபோது வயது 21. உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

அப்படியென்றால் இவ்வளவு பேச்சு எதனால்? பரிதாபத்தால் மட்டும்தானா?

கரி படிந்த ஊரில் ஒரு பையன்

1936 அக்டோபர் 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் உள்ள டட்லி நகரத்தில், உட்சைட் என்ற இடத்தில் பிறந்தார் டங்கன். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு வார்ப்பாலையும் நிறைந்த அந்த வட்டாரத்துக்கு 'கறுப்பு நாடு' என்றே பெயர். அப்பா கிளாட்ஸ்டன், அம்மா சாரா ஆன். டங்கனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். ஆனா 1947-இல், 14 வாரக் குழந்தையாக இருக்கும்போதே அவள் இறந்துவிட்டாள். அதன்பிறகு வீட்டுக்கு ஒரே பிள்ளை டங்கன்தான்.

குடும்பம் பிரையரி எஸ்டேட் என்ற குடியிருப்புக்கு மாறியது. பள்ளி அணி, டட்லி அணி, மாவட்ட அணி என்று அவன் ஆடாத அணி இல்லை. வயதுக்கு மீறிய உடம்பு. தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன்களோடு சேர்ந்து ஆடுவான், அவர்களையே வேலை வாங்குவான்.

இந்தப் பையனுக்கு இன்னொரு திறமையும் இருந்தது: நடனம். காலில் சலங்கை கட்டிக்கொண்டு, கைக்குட்டையை வீசி ஆடும் மாரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற நடனம். பள்ளிக் குழுவில் நன்றாக ஆடியதால் தேசிய நடன விழாவுக்கே அழைப்பு வந்தது. அதே நாளில் இங்கிலாந்து பள்ளி அணிக்கான கால்பந்துத் தேர்வும் வந்து நின்றது. டங்கன் கால்பந்துக்குப் போனான். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு லாவகமாகத் திரும்பியதற்கு அந்தச் சலங்கைக்கும் பங்கு இருக்கலாம்.

1950 ஏப்ரல் 1-ஆம் தேதி வெம்பிளி மைதானத்தில் வேல்ஸ் பள்ளி அணிக்கு எதிராக இங்கிலாந்து பள்ளி அணியில் ஆடினான். அப்போது வயது 13 தான். அடுத்து அந்த அணிக்கு கேப்டனும் ஆனான்.

உல்வ்ஸை விட்டு மான்செஸ்டருக்கு

டட்லிக்குப் பக்கத்து ஊர் வுல்வர்ஹாம்ப்டன். அந்த ஊர் அணியான 'உல்வ்ஸ்' அன்றைக்கு நாட்டின் பெரிய அணிகளில் ஒன்று. உள்ளூர்ப் பையன் தங்களுக்குத்தான் வருவான் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. போல்டன் அணியும் கண் வைத்திருந்தது, டங்கனின் உறவினர் டென்னிஸ் ஸ்டீவன்ஸ் அங்கேதான் இருந்தார்.

ஆனால் 1948-லேயே யுனைடெட் அணியின் ஆள்தேடுபவர் ஜாக் ஓ பிரையன், 12 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துவிட்டு மேலாளர் மாட் பஸ்பிக்குத் தகவல் அனுப்பியிருந்தார். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்த ஜோ மெர்சரும் இவனை விட்டுவிடாதீர்கள் என்று பஸ்பியை நச்சரித்தார். 1952 ஜூனில் டங்கன் யுனைடெட்டில் கையெழுத்துப் போட்டார். உல்வ்ஸ் மேலாளர் ஸ்டான் கலிஸுக்குக் கடும் கோபம். பையனின் வீட்டுக்குப் பணம் கைமாறியிருக்கும் என்று சந்தேகப்பட்டார். யுனைடெட்டுக்குப் போகவேண்டும் என்பது பையனின் சொந்த ஆசைதான் என்று குடும்பம் சொன்னது. கால்பந்து கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று, கூடவே தச்சுவேலையும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார் டங்கன். அன்றைய பிள்ளைகளின் எச்சரிக்கை அப்படி.

தச்சுவேலைக்கு அவசியமே வரவில்லை. 1953 ஏப்ரல் 4-ஆம் தேதி கார்டிஃப் சிட்டிக்கு எதிராக முதல் அணியில் இறக்கினார் பஸ்பி. அன்று டங்கனுக்கு 16 வயது 185 நாள். யுனைடெட் 4-1 என்று தோற்றது. முதல் ஆட்டத்திலேயே மாயாஜாலம் என்று எழுத ஆசைதான், ஆனா அப்படி எதுவும் நடக்கவில்லை.

4-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும்

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் டங்கன் யார் என்பது புரியும். இன்று நாம் சொல்கிற 'மிட்ஃபீல்டர்' என்ற சொல் அன்று அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. அணிகள் அப்போது எம், டபிள்யூ என்ற எழுத்துகளின் வடிவில் நின்றன. மூன்று தடுப்பாளர்கள். முன்னால் ஐந்து தாக்குதல்காரர்கள், அதில் இரண்டு பேர் சற்றுப் பின்தங்கி நிற்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருவர்: 4-ஆம் எண் சட்டை போட்ட வலது ஹாஃப் பேக், 6-ஆம் எண் சட்டை போட்ட இடது ஹாஃப் பேக்.

எதிரணியின் தாக்குதலை உடைப்பது, பந்தைப் பறித்து முன்னால் அனுப்புவது, வாய்ப்புக் கிடைத்தால் தானே ஓடிப்போய் அடிப்பது எல்லாம் இந்த இருவர் தலையில். குளிர்கால மைதானம் முழங்கால்வரை சேறு தெறிக்கும். தோல் பந்து மழையில் ஊறினால் கல் மாதிரி கனக்கும். ஒருவர் அடிபட்டால் மாற்று ஆட்டக்காரரை இறக்கவும் விதி இல்லை.

டங்கனுக்கு முன் யுனைடெட்டின் 6-ஆம் எண், ஹென்றி காக்பர்ன். 1948-இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியில் இருந்தவர், இங்கிலாந்துக்கும் ஆடியவர். 1953 அக்டோபரில் அவருக்குக் காயம்பட்டது. ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த இடத்துக்கு 17 வயது டங்கன் வந்தார். காக்பர்னுக்கு அந்தச் சட்டை நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு வருடத்தில் வேறு அணிக்குப் போய்விட்டார். கால்பந்தில் இது சகஜம், யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ஐந்தடி பதினொரு அங்குல உயரம், 80 கிலோவுக்கு மேல் எடை, தூண் மாதிரி தொடை. இரண்டு காலாலும் உதைப்பார், தலையாலும் முட்டுவார். 40 கெஜம் தள்ளி நிற்கிற சக ஆட்டக்காரரின் காலடியில் பந்தைப் போடுவார். எதிரே வருகிறவரிடம் மோதிப் பந்தைப் பறிக்கும்போது மைதானமே அதிரும் என்பார்கள். ஆனால் அவரை வெறும் முரட்டு ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. தேவைப்பட்டால் நடுத் தடுப்பாளர், தேவைப்பட்டால் நடு முன்கள ஆட்டக்காரர் என எங்கே நிறுத்தினாலும் ஆடினார். அந்தக் காலத்தில் ஒரே ஆள் இத்தனை இடத்தில் ஆடுவது அபூர்வம்.

1955 நவம்பரில் 4-ஆம் எண்ணில் எடி கோல்மன் வந்துசேர்ந்ததும்தான் அந்த நடுகளம் முழுமையானது. சால்ஃபர்ட் பையன், டங்கனைவிட ஒரு மாதம் இளையவர், உருவத்தில் பாதி. இடுப்பை ஒரு பக்கம் அசைத்துக் காட்டிவிட்டு மறுபக்கம் போய்விடுவார். எதிராளி மட்டுமல்ல, அந்தப் பக்கக் காலரியும் ஏமாந்து சாயும் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒருவர் மலை, ஒருவர் ஓடை. இருவருக்கும் அப்போது வயது 19. டங்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் கோல்மனை ஒரு வரியில் கடந்துபோய்விடுவது சரியில்லை. பக்கத்தில் கோல்மன் இருந்ததால்தான் டங்கனால் கவலையில்லாமல் முன்னால் ஓட முடிந்தது.

எல்லோரும் அவரையே தேடினார்கள்

இளையோருக்கான எஃப்.ஏ. யூத் கோப்பை 1953-இல் தொடங்கி முதல் ஐந்து வருடமும் யுனைடெட்டுக்கே போனது. முதல் மூன்றில் டங்கன் இருந்தார். முதல் இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? அவரை இழந்த அதே உல்வ்ஸ். இரண்டு ஆட்டமும் சேர்த்து 9-3.

இந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டவர் பஸ்பியின் உதவியாளர் ஜிம்மி மர்ஃபி. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. எதற்கெடுத்தாலும் பந்தை டங்கனிடமே கொடுக்கிறீர்களே, நீங்களும் கொஞ்சம் யோசித்து ஆடுங்கள் என்று ஒரு யூத் ஆட்டத்துக்கு முன் பையன்களுக்குப் பாடம் எடுத்தாராம். இடைவேளையில் பார்த்தால் அணி பின்தங்கி நிற்கிறது. உடனே மர்ஃபி, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் பந்தை டங்கனிடமே கொடுங்கள் என்றாராம்.

1955 ஏப்ரல் 2-ஆம் தேதி, வெம்பிளியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து முதன்மை அணியில் இடம் கிடைத்தது. வயது 18 ஆண்டு 183 நாள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்துக்காக ஆடிய மிக இளையவர் என்ற அந்தச் சாதனை, 1998-இல் மைக்கேல் ஓவன் வரும்வரை கிட்டத்தட்ட 43 வருடம் நின்றது. அன்று இங்கிலாந்து 7-2 என்று ஜெயித்தது.

அதே சீசனில், நாட்டுக்கு ஆடிய இந்த ஆளை யூத் கோப்பைக்கும் இறக்கினார் பஸ்பி. சின்னப் பையன்கள் ஆட்டத்தில் இது நியாயமா என்று விமர்சனம் கிளம்பியது. பஸ்பி தன் முடிவை நியாயப்படுத்திப் பத்திரிகையில் எழுதினார். விதிப்படி தவறில்லை, வயது 18 தானே. ஆனால் வேறு ஒரு கேள்வி இருந்தது. அதை அன்று அதிகம் பேர் கேட்கவில்லை. ஒரு உடம்பு எத்தனை ஆட்டம் தாங்கும்?

ஏனென்றால் அடுத்து ராணுவம் வந்தது. அன்றைய பிரிட்டனில் இளைஞர்களுக்கு இரண்டு வருட ராணுவப் பணி கட்டாயம். ஷ்ரூஸ்பரி அருகே நெஸ்கிளிஃப் முகாமில், ஆயுதத் தளவாடப் பிரிவில் சேர்ந்தார் டங்கன். பாபி சார்ல்டனும் பின்னாலேயே வந்தார். சார்ல்டன் வந்த அன்று அவர் படுக்கையில் கம்பிச்சுருள் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, டங்கனே அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு நல்லதாக மாற்றிக் கொடுத்தாராம். சார்ல்டன் பின்னாளில் நினைவுகூர்ந்த சின்ன விஷயம் இது. முகாம் அணி, ராணுவ அணி, யுனைடெட், இங்கிலாந்து என்று எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒரே சீசனில் கிட்டத்தட்ட 100 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். இன்று ஒரு நட்சத்திரம் 60 ஆட்டம் ஆடினாலே மருத்துவர்கள் பதறுகிறார்கள். டங்கன் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஆட விட்டால் போதும் என்ற ரகம் அவர்.

வாரம் 15 பவுண்டு

இவ்வளவு ஆடி என்ன சம்பாதித்தார்? அன்று இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சீசனில் வாரம் 15 பவுண்டு, கோடையில் 12. பிறகு அது கொஞ்சம் கூடியது. வரம்பே ஒழிந்தது 1961-இல்தான். ஒரு குளுக்கோஸ் மாத்திரை விளம்பரத்தில் வந்தது, கால்பந்து கற்றுக்கொடுக்கும் ஒரு புத்தகம் எழுதியது, இவைதான் உபரி வருமானம். அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

குடியிருந்தது மான்செஸ்டரில் ஒரு அம்மாவின் வீட்டில், வாடகைக்கு ஒரு அறை. மைதானத்துக்கு சைக்கிளில்தான் வருவார். ஒருநாள் இரவு விளக்கில்லாமல் ஓட்டியதற்கு போலீஸ் பிடித்து ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டது. கிளப் அதற்கு மேல் இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்தது. குடிப்பழக்கம் இல்லை. மீன்பிடிப்பது, சீட்டாடுவது, சினிமா பார்ப்பது. கல்யாணத்துக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது.

மைதானத்தில் இருந்த அந்த ஆளும் வெளியே இருந்த இந்தக் கூச்ச சுபாவக்காரரும் ஒருவர்தானா என்று பலர் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

பெர்லினிலிருந்து மாட்ரிட் வரை

1956 மே 26-ஆம் தேதி பெர்லினில் உலக சாம்பியன் மேற்கு ஜெர்மனியை எதிர்த்து ஆடியது இங்கிலாந்து. டங்கன் நடுகளத்தில் பந்தை வாங்கி, வந்தவர்களை எல்லாம் ஒதுக்கிக்கொண்டு ஓடி, பெட்டிக்கு வெளியே வெகுதூரத்திலிருந்தே வலைக்குள் அடித்தார். இங்கிலாந்து 3-1. ஜெர்மன் பத்திரிகைகள் அவருக்கு 'பூம் பூம்' என்று பெயர் வைத்தன. அந்த வருட டிசம்பரில் டென்மார்க்குக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இரண்டு கோல், 1957 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக வெற்றி கோல்.

யுனைடெட் 1956, 1957 என்று அடுத்தடுத்து இரண்டு முறை லீக் பட்டம் வென்றது. அணியின் சராசரி வயது மிகக் குறைவு என்பதால் பத்திரிகைகள் 'பஸ்பி பேப்ஸ்' என்று அழைத்தன. பஸ்பி வளர்த்த பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1957 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றது தனிக் கதை. ஆரம்பித்த சில நிமிடத்திலேயே கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று ஆள் கிடையாதே! தடுப்பாளர் ஜாக்கி பிளான்ச்ஃபிளவர் கோல்கீப்பர் ஆனார், அவர் இடத்துக்கு டங்கன் பின்னால் போனார். கடைசியில் டங்கன் அடித்த கார்னரில் டாமி டெய்லர் தலையால் ஒரு கோல் போட்டும் 2-1 என்று முடிந்தது.

ஐரோப்பியக் கோப்பை அப்போதுதான் புதிதாக ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்து லீக் நிர்வாகத்துக்கு அதில் விருப்பமில்லை. 1955-இல் செல்சியாவைத் தடுத்தும்விட்டது. அடுத்த வருடம் பஸ்பி அதை மீறி யுனைடெட்டை அனுப்பினார். அரையிறுதிவரை போய் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றார்கள். 1957-ஆம் ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் வாக்கெடுப்பில் டி ஸ்டெஃபானோ முதலிடம், பில்லி ரைட் இரண்டாமிடம், மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் ரேமண்ட் கோப்பாவும் 21 வயது டங்கனும். பரிதாபத்தால் வந்த புகழா என்று ஆரம்பத்தில் கேட்டோமே, அதற்கு இதுதான் பதில். உயிரோடு இருக்கும்போதே ஐரோப்பா கொடுத்த இடம் அது.

மியூனிக்

1958 பிப்ரவரி 1, சனிக்கிழமை. லண்டனில் ஆர்சனலுடன் ஆட்டம். முதல் கோல் டங்கனுடையது. யுனைடெட் 5-4 என்று ஜெயித்தது. இங்கிலாந்து மண்ணில் அவருடைய கடைசி ஆட்டம் அது. புதன்கிழமை பெல்கிரேடில் ரெட் ஸ்டாருடன் 3-3. முதல் ஆட்டத்தையும் சேர்த்து 5-4 என்று மீண்டும் ஐரோப்பிய அரையிறுதி.

அடுத்த சனிக்கிழமை உல்வ்ஸுடன் லீக் ஆட்டம். எப்படியும் அதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும். இரண்டு மாதம் முன்பு பிராக் நகரத்திலிருந்து திரும்பும்போது மூடுபனியில் மாட்டிக்கொண்டு, ஆம்ஸ்டர்டாம், கப்பல் என்று சுற்றி வந்து அவதிப்பட்டிருந்தார்கள். அதனால் இந்த முறை தனி விமானம் அமர்த்தினார்கள்.

பிப்ரவரி 6, வியாழன். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம் இரண்டு முறை கிளம்பப் பார்த்து, எஞ்சினில் கோளாறு தெரிந்து நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இனி இன்றைக்குப் போகாது என்று நினைத்த டங்கன், தன் வீட்டுக்கார அம்மாவுக்குத் தந்தி கொடுத்தார்: விமானங்கள் ரத்து, நாளைதான் வருவேன் என்ற தகவல். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே திரும்பவும் ஏறச் சொன்னார்கள். மூன்றாவது முயற்சியில், ஓடுபாதையில் தேங்கியிருந்த கூழ்ப்பனி சக்கரத்தைப் பிடித்து இழுக்க, விமானத்தால் எழும்ப முடியவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டில் மோதியது.

அந்தத் தந்தி மான்செஸ்டரில் கொடுக்கப்பட்டபோது விபத்து நடந்து முடிந்திருந்தது.

விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர், இறந்தவர்கள் 23 பேர். கேப்டன் ராஜர் பைர்ன், டாமி டெய்லர், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், லியாம் வீலன், ஜெஃப் பென்ட், அப்புறம் எடி கோல்மன். 4-ஆம் எண் அங்கேயே போய்விட்டது. இறந்த ஆட்டக்காரர்களில் மிக இளையவர் கோல்மன்தான்.

குற்றம் விமானி ஜேம்ஸ் தெய்ன் மீது விழுந்தது. இறக்கையில் உறைந்த பனியைச் சுத்தம் செய்யவில்லை என்றார்கள். ஓடுபாதையின் கூழ்ப்பனிதான் காரணம் என்று பிரிட்டிஷ் விசாரணை அவரை விடுவித்தபோது 1969 ஆகிவிட்டது.

15 நாட்கள்

டங்கன் உயிரோடு மீட்கப்பட்டார். ரெஷ்ட்ஸ் டெர் இசார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால் எலும்புகள் பல இடத்தில் நொறுங்கியிருந்தன, விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஆனால் உயிருக்கு ஆபத்தாக வந்தது சிறுநீரகம். இரண்டும் கடுமையாகச் சேதமாகியிருந்தன.

செயற்கைச் சிறுநீரகம் என்பது அப்போது அபூர்வமான இயந்திரம். வேறு ஊரிலிருந்து வரவழைத்துப் பொருத்தினார்கள். அது ரத்தத்தைச் சுத்தம் செய்தது. கூடவே ரத்தம் உறையும் தன்மையையும் குறைத்துவிட்டது. உள்ளே ரத்தக்கசிவு ஆரம்பித்தது. ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று கைவிட்டுப் போகிற நிலை. இவ்வளவு அடிபட்ட உடம்பு இத்தனை நாள் தாங்குவதே மருத்துவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேறு வேலையாக வேல்ஸில் இருந்ததால் அந்த விமானத்தில் போகாத ஜிம்மி மர்ஃபி மியூனிக்குக்கு ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் டங்கன் கேட்டது, சனிக்கிழமை உல்வ்ஸ் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத்தான். மர்ஃபிக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 19-ஆம் தேதி, மிச்சமிருந்தவர்களையும் புதிதாக வாங்கியவர்களையும் வைத்து யுனைடெட் மறுபடி களமிறங்கியது. எதிரணி ஷெஃபீல்ட் வென்ஸ்டே. நிகழ்ச்சி நிரலில் ஆட்டக்காரர் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாகவே அச்சிட்டிருந்தார்கள். டங்கனின் 6-ஆம் எண் இடத்தில் ஆடியவர் ஸ்டான் க்ரவுதர், ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் ஆஸ்டன் வில்லாவிலிருந்து வாங்கப்பட்டவர். ஒன்பது மாதம் முன்பு கோப்பை இறுதிப் போட்டியில் யுனைடெட்டைத் தோற்கடித்த அணியில் இருந்த அதே ஆள். யுனைடெட் 3-0 என்று ஜெயித்தது.

இரண்டு நாள் கழித்து, 21-ஆம் தேதி அதிகாலை, டங்கன் இறந்தார்.

அதற்குப் பிறகு

அந்த வருட லீக் பட்டம் உல்வ்ஸுக்குப் போனது. உடைந்த அணியோடு யுனைடெட் எப்படியோ எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிவரை வந்து, போல்டனிடம் 2-0 என்று தோற்றது. ஜெயித்த போல்டன் அணியில் டங்கனின் உறவினர் டென்னிஸ் ஸ்டீவன்ஸும் ஆடினார்.

கோடையில் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்து முதல் சுற்றையே தாண்டவில்லை. 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது 6-ஆம் எண் சட்டையோடு கோப்பையைத் தூக்கியவர் பாபி மூர். டங்கன் இருந்திருந்தால் அன்று வயது 29. மூருக்கு இடம் கிடைத்திருக்குமா என்று இங்கிலாந்தில் இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. இந்த மாதிரி 'இருந்திருந்தால்' கணக்குக்கு முடிவே கிடையாது. அத்தனை ஆட்டம் ஆடிய முழங்கால் 29 வயதில் எப்படி இருந்திருக்கும் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். நினைவில் நிற்கிற ஆட்டக்காரர்களுக்கு வயதாவதில்லை, ஃபார்ம் போவதில்லை, பெனால்டி தவறுவதில்லை.

ஆனால் ஒரு சாட்சியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. உலகக் கோப்பையையும், 1968-இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்று, பெலே காலத்து ஆட்டக்காரர்களோடு எல்லாம் ஆடியவர் பாபி சார்ல்டன். மியூனிக்கில் உயிர்பிழைத்தவர். தன்னைத் தாழ்வாக உணரவைத்த ஒரே ஆட்டக்காரர் டங்கன்தான் என்பதைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 26-ஆம் தேதி டட்லியில் இறுதி ஊர்வலம். தெருவோரம் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நின்றார்கள். தங்கையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அண்ணனையும் புதைத்தார்கள். 1961-இல் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அவர் உருவம் தாங்கிய வண்ணக் கண்ணாடி ஜன்னலை பஸ்பி திறந்துவைத்தார். யுனைடெட் சட்டையில் ஒன்று, இங்கிலாந்து சட்டையில் ஒன்று என இரண்டு உருவங்கள். 1999-இல் ஊர் நடுவே வெண்கலச் சிலை வைத்தபோது அம்மா சாரா ஆன் வந்திருந்தார், கூடவே சார்ல்டனும்.

அப்பா கிளாட்ஸ்டன் ஆலை வேலையை விட்டுவிட்டு, மகன் இருக்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே தோட்டக்காரராகச் சேர்ந்தார். மகனுக்காகத்தான் அங்கே வந்தார் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வேலையை மாற்ற வேண்டியிருந்தது, பூச்செடி என்றால் தனக்கு எப்போதுமே பிடிக்கும், அவ்வளவுதான் என்பார். வெளியூர்களிலிருந்து ரசிகர்கள் பூக்களோடு வந்துகொண்டே இருந்தார்கள். வாடியதை எடுத்துவிட்டுக் கல்லறையைச் சீராக வைத்துக்கொண்டார்.